உழைத்தது 2,140 மணி, கணக்கில் வந்தது 1,890

பாளையங்கோட்டையிலிருந்து, கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நாலு பக்கம், சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகள் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படித்தவள். நியூயார்க்கில் எல்.எல்.எம். முடித்து, அங்கேயே பார் பரீட்சையும் பாஸ் செய்து, ஒரு சட்ட நிறுவனத்தில் அசோசியேட்டாக, அதாவது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம் முடித்திருக்கிறாள். இப்போது எச்-1பி விசா. சம்பளம் ஒழுங்காக வருகிறது. வருஷத்துக்கு 1,950 மணி ‘பில்லபிள்’, அதாவது கிளையண்டுக்கு பில் போடக்கூடிய வேலை, காட்டினால் சம்பளத்துக்கு மேல் 20,000 டாலர் போனஸ். பாப்பா 2,140 மணி எழுதியிருக்கிறாள், நிறுவனமோ 1,890 மணிதான் கணக்கில் வரும் என்று சொல்லி போனஸ் கிடையாது என்றுவிட்டது. அண்ணாச்சி கேட்கிறார்: “ராத்திரி எந்நேரம் போன் போட்டாலும் ஆபீஸ்ல இருக்கேங்கா. 250 மணி நேரத்தை எப்படி முழுங்குவான்? இது ஏமாத்து இல்லையா? கேஸ் போட முடியாதா? கூட வேலை பாக்குற பையன் ஆறு நிமிஷ வேலைக்கு அரை மணி எழுதுதானாம், அவனுக்கு போனஸ் வந்துட்டாம். இல்ல, எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே வந்துருன்னு சொல்லட்டுமா?”

அண்ணாச்சி, 250 மணியில் பெரும்பகுதி ஏமாற்று இல்லை. ஒரு சின்னப் பகுதி மட்டும் எனக்கு இடிக்கிறது, அதுதான் விஷயமே. நானும் அம்பாசமுத்திரத்துக்காரன், பாப்பா இருக்கிற ஊரில் பல வருஷம் இந்த மணிக்கணக்கு எழுதியவன், அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

நம்ம முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. ஒரு பெண் நாள் முழுக்கச் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பீடிக்கடையில் செக்கர் எடுத்து வைத்ததுதான் எண்ணிக்கை, கழித்துப் போட்டதற்குக் கூலி கிடையாது. அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எப்போது படுத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. பாப்பாவின் நிலைமையும் அதே ரகம், சம்பளம் மட்டும் எக்கச்சக்கம். ஆபீஸில் இருந்த நேரம் வேறு, அவள் டைம்ஷீட்டில் எழுதிய நேரம் வேறு, போனஸுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் வீட்டில் சண்டைதான் வரும்.

முதல் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு போகிறது என்று ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம். அங்கே ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரிப்பார்கள், ஆறு நிமிஷம் ஒரு புள்ளி. காலை ஒன்பதரைக்கு வருகிறாள். கிளையண்டின் மெயிலைப் படித்து பார்ட்னருக்கு (நிறுவனத்தில் பங்குள்ள சீனியர் வக்கீலுக்கு) குறிப்பு எழுதியது 0.3. கடன் ஒப்பந்தத்தில் பிணையம் பற்றிய பிரிவைத் திருத்தியது 2.6. எதிர்த்தரப்பு வக்கீலோடு போன் 0.5. அப்புறம் முக்கால் மணி நேரம் ட்ரெயினிங், அதைத் தனியாகக் குறித்து வைக்கலாம், கிளையண்ட் கணக்கில் பூஜ்யம். சாப்பாடு, காப்பி, பிரிண்டர் மக்கர், பார்ட்னர் வாசலில் காத்து நின்றது எல்லாம் பூஜ்யம். மத்தியானம் பழைய தீர்ப்புகளைத் தேடியது 1.2. சாயங்காலம் திருத்தி வந்த ஒப்பந்தத்தை முதலிலிருந்து படித்துச் சரிபார்த்தது 2.9. ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்புகிறாள். பதினொன்றரை மணி நேரம் ஆபீஸில் இருந்தவளுக்கு டைம்ஷீட்டில் கிளையண்ட் வேலையாக ஏறியது 7.5. அது சோம்பேறித்தனமான நாள் இல்லை, நல்ல நாள். இந்த 7.5-ஐ 260-ஆல் பெருக்குங்கள், சரியாக 1,950 வரும். 260 நாள் என்றால் வாரத்துக்கு அஞ்சு நாள், 52 வாரமும், தீபாவளி கிறிஸ்துமஸ் காய்ச்சல் தலைவலி எதற்கும் லீவு போடாமல். ராத்திரி ஆபீஸில் இருக்கேன் என்று அவள் சொல்வது பொய்யில்லை என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

இனி 2,140. நீங்கள் அனுப்பிய தாளில் அவளே நான்காகப் பிரித்து எழுதியிருக்கிறாள்: கிளையண்ட் வேலை 1,904, அகதி ஒருவருக்காக இலவசமாக நடத்திய வழக்கு 130, ட்ரெயினிங் 46, பார்ட்னருக்காகக் கட்டுரையும் புது கிளையண்டைப் பிடிக்கிற விளக்கக் குறிப்பும் தயாரித்தது 60.

ட்ரெயினிங் 46 போனது போனதுதான். அநேகமாக எந்த நிறுவனமும் அதை போனஸ் கணக்கில் சேர்க்காது. பார்ட்னருக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்த 60 மணியும் அப்படியே, அதற்கு யாருக்கும் பில் போகாது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் கட்டுரை பார்ட்னர் பெயரில் வரும், அதைப் பார்த்து வருகிற கிளையண்டும் அவர் கணக்கில் ஏறுவார், ராத்திரி உட்கார்ந்து எழுதிய பிள்ளைக்கு ஒரு நன்றி மெயில் வரும். ஆனாலும் விதி அதுதான், அவள் சேரும்போது கொடுத்த கையேட்டில் எழுதியே இருக்கும்.

இலவச வழக்குக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். சில இடங்களில் முழுவதையும் கிளையண்ட் வேலை போலவே எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் 50 அல்லது 100 மணி வரைக்கும்தான். வக்கீல் வருஷத்துக்கு 50 மணியாவது இலவசமாகச் செய்ய முயல வேண்டும் என்று அமெரிக்க பார் அசோசியேஷனின் (அந்த நாட்டு வக்கீல்கள் சங்கத்தின்) மாதிரி விதிகளில் 6.1 சொல்கிறது. பாப்பாவின் நிறுவனத்தில் உச்சவரம்பு 50 என்று அவளே ஓரத்தில் எழுதியிருக்கிறாள். ஆக 80 மணி போயிற்று. அகதி வழக்கு பாதியில் விட முடியாதது, வரம்பு தாண்டப்போகிறது என்று தெரிந்ததும் பொறுப்பான பார்ட்னரிடம் கேட்டிருந்தால் சில இடங்களில் தளர்த்துவார்கள். இப்போது கேட்டால் கிடைக்குமா என்றால், கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, கூட்டிப் பாருங்கள் அண்ணாச்சி. 46-ம் 60-ம் 80-ம் 186. கழித்தது 250. மீதி 64 எங்கே?

இதைத்தான் இடிக்கிறது என்றேன். கிளையண்ட் வேலை என்று அவள் எழுதியது 1,904, நிறுவனம் எடுத்துக்கொண்டதோ 1,840. இத்தனை வருஷம் ஆபீஸில் கணக்குப் பார்த்த உங்கள் கண்ணில் இது எப்படிப் படாமல் போனது என்று தெரியவில்லை, கோபம் வந்தால் கூட்டல் கணக்கு வராது போல. இந்த 64 திரும்பி வந்தால் மொத்தம் 1,954. கோடு 1,950. நாலு மணி நேர வித்தியாசத்தில் 20,000 டாலர், நம்ம காசுக்கு 16 லட்சத்துக்கு மேல்.

64 மணி கழிந்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பார்ட்னர் பில் அனுப்பும் முன், ‘இந்த வேலைக்கு இவ்வளவு நேரமா’ என்று நினைத்து வெட்டியிருக்கலாம், அங்கே அதை ரைட்-ஆஃப் என்பார்கள். அல்லது கிளையண்ட் வெட்டியிருக்கலாம்: பெரிய கம்பெனிகள் தங்கள் வக்கீல்களுக்குத் தனியாக ஒரு விதித்தாள் கொடுக்கும், ஒரே கூட்டத்துக்கு இரண்டு அசோசியேட் வந்தால் ஒருவருக்குத்தான் பணம், முதல் வருஷத்துப் பிள்ளைகளின் நேரத்துக்குப் பணமே தர மாட்டோம், நாலு வேலையை ஒரே வரியில் சேர்த்து எழுதினால் பாஸ் பண்ண மாட்டோம் என்றெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது, பாப்பா தாமதமாக எழுதியிருக்கலாம். மாதக் கணக்கைப் பூட்டிய பிறகு ஏற்றிய மணியைச் சில நிறுவனங்கள் போனஸுக்கு எடுப்பதில்லை.

எது என்பதைப் பொறுத்து பதில் மாறும். நிறைய நிறுவனங்களில் அசோசியேட் கிளையண்ட் வேலைக்காக எழுதிய நேரம்தான் கணக்கு, பார்ட்னர் பிறகு வெட்டினாலும் அது பார்ட்னரின் வியாபார முடிவு, பிள்ளையின் தலையில் விழாது. வேறு சில இடங்களில் பில்லில் போன மணிதான் கணக்கு. பாப்பாவின் கையேடு எந்த வகை என்று அவள் படித்துப் பார்க்க வேண்டும். முதல் வகையாக இருந்து, வெட்டியது பார்ட்னராக இருந்தால், அந்த 64 அவளுக்குச் சேர வேண்டியது.

கேட்பது அவள்தான், நீங்கள் இல்லை. அப்பா எழுதிய மெயில் ஒன்று அந்த ஆபீஸுக்குப் போனால் அதோடு முடிந்தது. அவளும் சண்டைக்குப் போகிற மாதிரி எழுத வேண்டாம். “என் டைம்ஷீட்டில் கிளையண்ட் வேலைக்கு 1,904 மணி இருக்கிறது, போனஸ் கணக்கில் 1,840 எடுத்திருக்கிறீர்கள். மீதி 64 எந்த விதிப்படி கழிந்தது என்று வழக்கு வாரியாகத் தெரிவிக்க முடியுமா?” அவ்வளவுதான். எழுத்தில் கேட்க வேண்டும், காரிடாரில் நின்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

கேஸ் விஷயம். அமெரிக்காவின் ஓவர்டைம் சட்டத்தில் வக்கீல்களுக்கு இடமே இல்லை, அவர்கள் எத்தனை மணி உழைத்தாலும் கூடுதல் கூலி கேட்க முடியாது. பீடித் தொழிலாளிக்காவது நம்ம நாட்டில் 1966-ல் தனிச் சட்டம் வந்தது. போனஸைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட போனஸ் கூலி ஆகாது என்று நியூயார்க்கின் உச்ச அமைப்பான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 2000-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. (அந்த ஊரில் சுப்ரீம் கோர்ட் என்றால் கீழ் கோர்ட், சிரஸ்தார் அண்ணாச்சிக்கு இது சிரிப்பாக இருக்கும்.) இத்தனை மணி எழுதினால் இத்தனை டாலர் நிச்சயம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கதை வேறு, ஆனால் எந்த நிறுவனமும் அப்படி எழுதிக் கொடுக்காது, ‘நிறுவனத்தின் முடிவே இறுதியானது’ என்று ஒரு வரி எங்கேயாவது இருக்கும். ஆகையால் நோட்டீஸ் அனுப்புகிற எண்ணம் வேண்டாம்.

மணிக்கணக்கு என்பதே எங்கிருந்து முளைத்தது என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய காலத்தில் அங்கேயும் இன்ன வேலைக்கு இன்ன பீஸ் என்றுதான் இருந்தது, ஊர் ஊருக்கு பார் அசோசியேஷன்களே குறைந்தபட்ச பீஸ் பட்டியல் போட்டுவைத்திருந்தன. 1958-ல் அமெரிக்க பார் அசோசியேஷன், வக்கீல்கள் நேரத்தைக் குறித்து வைத்தால் வருமானம் கூடும் என்று ஒரு சின்னப் பிரசுரம் போட்டது, அதில் வருஷத்துக்கு சுமார் 1,300 மணிக்குத்தான் பில் போட முடியும் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். 1975-ல் கோல்ட்ஃபார்ப் வழக்கில் அந்த பீஸ் பட்டியல் வியாபாரப் போட்டியைக் காக்கிற சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியல் போனதும் கடிகாரம் அந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. 2002-ல் அதே பார் அசோசியேஷன் ஒரு கமிஷன் வைத்து, ஒரு அசோசியேட்டின் வருஷம் எப்படி இருக்கலாம் என்று மாதிரி போட்டுக் கொடுத்தது: கிளையண்ட் வேலை 1,900, இலவச சேவை 100, நிறுவன வேலை 100, கிளையண்ட் பிடிக்க 75, ட்ரெயினிங் 75, தொழில் சேவை 50, மொத்தம் 2,300. 1,300 என்று சொன்னவர்களே அரை நூற்றாண்டுக்குள் இங்கே வந்து நிற்கிறார்கள். இதை வைத்துப் பார்த்தால் பில் போகாத 236 மணி பாப்பாவுக்கு அதிகமே இல்லை, ஆகவே அவள் நேரத்தை வீணாக்கினாள் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், வயிறு எரியத்தான் செய்யும். பேச்சுக்கு அவள் நேரத்தை மணிக்கு 600 டாலர் என்று கிளையண்டுக்கு பில் போட்டால், 1,840 மணிக்கு 11 லட்சத்து 4 ஆயிரம் டாலர். மூன்றில் ஒரு பங்கு சம்பளம், ஒரு பங்கு ஆபீஸ் செலவு, ஒரு பங்கு பார்ட்னர்களின் லாபம் என்று பழைய வாய்க்கணக்கு ஒன்று அந்தத் தொழிலில் உண்டு. மணி இலக்கு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது இதிலேயே விளங்கும்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு நிமிஷத்துக்கு அரை மணி எழுதுகிறவனைப் பார்த்து பாப்பா ஏங்க வேண்டாம், நீங்களும் தூண்டிவிடாதீர்கள். அது கிளையண்டின் பணத்தைத் திருடுவது. வெப்ஸ்டர் ஹப்பெல் என்று ஒருவர், அமெரிக்க நீதித்துறையில் மூன்றாவது பெரிய பதவி வரை போனவர், முன்பு இருந்த சட்ட நிறுவனத்தில் பொய்க்கணக்கு எழுதியதை 1994-ல் ஒப்புக்கொண்டு ஜெயிலுக்கே போனார். ஒரே நேரத்தை இரண்டு கிளையண்டுக்கு எழுதுவதும் கூடாது: ஒருவருக்காக விமானத்தில் போகும்போது இன்னொருவரின் பேப்பரைப் பார்த்தால் அந்த மணி ஒருவருக்குத்தான், 1993-லேயே அமெரிக்க பார் அசோசியேஷன் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஏஐ வைத்து அஞ்சு மணி வேலையை ஒரு மணியில் முடித்தால் ஒரு மணிதான் எழுதலாம் என்று 2024-ல் சொல்லியிருக்கிறார்கள். பார் லைசென்ஸ் போய்விட்டால் போனஸ் எங்கே, விசா எங்கே.

உண்மையில் நம்ம பிள்ளைகளிடம் நான் பார்த்தது இதற்கு நேர் எதிரான கோளாறு. குறைத்து எழுதுவார்கள். ‘இந்தச் சின்ன வேலைக்கு மூணு மணி ஆச்சுன்னு எழுதினா பார்ட்னர் என்ன நினைப்பாரோ’ என்று கூச்சப்பட்டு 1.8 என்று போடுவார்கள். நேரம் அதிகமா இல்லையா என்று வெட்டுவது பார்ட்னரின் வேலை, எழுதுகிறவள் உண்மையில் ஆன நேரத்தை எழுதினால் போதும். அதே மாதிரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து திங்கட்கிழமை என்ன செய்தோம் என்று யோசித்து எழுதுவது. அந்தச் சின்னச் சின்ன 0.2, 0.3 எல்லாம் மறந்து போகும், வருஷக் கடைசியில் நூறு மணிக்குக் குறையாமல் தொலைந்திருக்கும். பாப்பா பேசுவதைப் பார்த்தால் இந்த இரண்டும் அவளிடம் இருக்கும் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். வேலை ஒன்று முடிந்ததும் அங்கேயே எழுதிவிட வேண்டும், அப்புறம் என்பது கிடையாது. ஜூலையில் ஒருமுறை நிறுவனத்திடம் கணக்கு வாங்கிப் பார்த்து, குறைந்தால் வேலை பங்கிடுகிறவரிடம் போய் எனக்கு இன்னும் ஒரு மேட்டர் வேண்டும் என்று கேட்க வேண்டும். டிசம்பரில் கேட்டால் கைவசம் ஒன்றும் இருக்காது.

ஊருக்கு வரச் சொல்லலாமா? போனஸ் வரவில்லை என்ற கோபத்தில் சொல்லாதீர்கள். எச்-1பியில் இருப்பவர் வேலையை விட்டால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு வழி பார்த்தாக வேண்டும், படிப்புக் கடன் வேறு பாக்கி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விசாவில் ஒரு நன்மையும் உண்டு, நிறுவனத்தில் வேலை இல்லாமல் சும்மா உட்கார வைத்தாலும் விசா மனுவில் சொன்ன சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், மணி குறைந்தது என்று அதில் கைவைக்க முடியாது. மாற வேண்டுமானால் போனஸுக்கு மணி நிபந்தனையே வைக்காத நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன, அதைப் பார்க்கட்டும். இங்கே நிலைமை உங்களுக்குத் தெரியாததா? ஜூனியர் வக்கீல்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் மாத உதவித்தொகை கொடுக்கச் சொல்லி சுற்றறிக்கை விட வேண்டும் என்று 2024 ஜூனில்தான் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நம்ம ஊருக்கு அந்த 15,000. அதையும் எத்தனை சீனியர்கள் கொடுக்கிறார்கள் என்று கோர்ட் வராந்தாவில் நாலு பிள்ளைகளிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவளுக்கே அலுத்துப்போய், இந்தக் கடிகாரத்தோடு என்னால் முடியாது என்று அவள் வாயால் சொன்னால் அப்போது பேசுவோம், இப்போது சொன்னது நீங்கள்.

ராத்திரி போன் போட்டதும் ‘போனஸ் என்னாச்சு’ என்று ஆரம்பிக்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். 64 மணிக்கு நிறுவனம் பதில் அனுப்பியதும் அதையும் கையேட்டில் போனஸ் பற்றிய பக்கத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கிளையண்ட் பெயரோ வழக்கு விவரமோ இருக்கிற எதையும் அவள் உங்களுக்கும் அனுப்பக் கூடாது, எனக்கும் அனுப்பக் கூடாது. மொத்தம் போட்ட பக்கம் மட்டும் போதும்.